கல்லூரி இன்குபேட்டரா, கலிபோர்னியாவா? தண்டையார்பேட்டைத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பாரிமுனையில் சுங்க முகவர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே மகனை பி.இ. மூன்றாம் ஆண்டு வரை கொண்டுவந்துவிட்டீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் அவன் நிறுவனம் தொடங்கப்போவதாகச் சொல்கிறான். சரி, புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் கல்லூரி இன்குபேட்டரிலேயே இடம் தருகிறார்களே, அதில் சேரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டால், அதுவும் வேண்டாம் என்று அமெரிக்கத் திட்டம் ஒன்றுக்கு இரவெல்லாம் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். "கையில் கிடைப்பதை விட்டுவிட்டு எதற்கு இந்தப் பேராசை? யாராவது ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவன் விண்ணப்பிக்கும் ஒய் காம்பினேட்டர், புதிய நிறுவனங்களுக்கு முதலீடும் வழிகாட்டலும் தரும் கலிபோர்னியா அமைப்பு; 2005-இல் தொடங்கியது. ரேசர்பே, மீஷோ, க்ரோ, செப்டோ போன்ற இந்திய நிறுவனங்கள் எல்லாம் அந்த வழியாக வந்தவைதான். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. தேர்வானால் பணம் கொடுப்பது அவர்கள். வாங்குவது உங்கள் மகன். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு வகையைப் பார்த்து. "உலக இளம் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு உங்கள் மகன் தேர்வாகியிருக்கிறார், பதிவுக் கட்டணம், தங்குமிடம், விமான டிக்கெட் உங்கள் பொறுப்பு" என்று மின்னஞ்சல் வந்தால் அதைத் திறந்த வேகத்திலேயே மூடிவிடுங்கள். அதற்காக வீட்டு நகையை அடகு வைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கிடைத்தது ஒரு சான்றிதழும் நான்கு புகைப்படங்களும்.

இப்போது உங்கள் மகன் விஷயம். அவன் செய்திருக்கும் மென்பொருளை என் மேசையில் திறந்து காட்டினான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (பி.எல்., கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றையும் உள்ளே போட்டால், ஒன்றுக்கொன்று எங்கே ஒத்துப்போகவில்லை என்று சிவப்பில் காட்டுகிறது. ஒரு பெட்டியில் மொத்த எடை பேக்கிங் லிஸ்டில் ஒன்றாகவும் பி.எல்.-இல் நாற்பது கிலோ கூடுதலாகவும் இருந்தது. இன்னொன்றில் சரக்கின் குறியீட்டு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. இந்த மாதிரிப் பிழை திருத்தப்படும்வரை கன்டெய்னர் நகராது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் இதைக் கற்றதே நீங்கள் இரவு வீட்டுக்கு வந்து புலம்பியதைக் கேட்டுத்தான். கணினி வகுப்பில் யாரும் சொல்லித் தராத பாடம் இது. தண்டையார்பேட்டையில் பிறந்ததால் அவனுக்குக் கிடைத்த முதலீடு என்றே சொல்வேன்.

இதை வாங்கப்போவது யார் என்று கேட்டேன். சென்னையில் சில முகவர்கள் வாங்குவார்கள், ஆனால் கொழும்பு, சிங்கப்பூர், துபாய் சரக்கு நிறுவனங்களிடம் இதே தலைவலி இன்னும் பெரிய அளவில் இருக்கிறது என்றான். பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறான். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது, அந்த வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே விற்றுப் பழகியவர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. கல்லூரி இன்குபேட்டரில் அவனுக்கு வழிகாட்டியாகக் குறித்திருப்பவர் நல்ல பேராசிரியர். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு மென்பொருளுக்கு என்ன விலை சொல்வது, பணம் கொடுக்க இழுத்தடிக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்று அவரிடம் கேட்டால் பாவம், அவர் எங்கே போவார்?

இரண்டாவது காரணம், நிபந்தனைகள் வெளிப்படையாக இருப்பது. ஒய் காம்பினேட்டர் 5 லட்சம் டாலர் முதலீடு செய்கிறது. அதில் 1.25 லட்சம் டாலருக்கு நிறுவனத்தில் 7 சதவீதப் பங்கு. மீதி 3.75 லட்சத்துக்கான பங்கு அடுத்த முதலீட்டாளர் வரும்போது அவருக்குக் கிடைக்கும் விலையை வைத்துத் தீர்மானமாகும். இது அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. மும்பைப் பையனுக்கும் தண்டையார்பேட்டைப் பையனுக்கும் ஒரே கணக்கு. உங்கள் மகனின் கல்லூரி கொடுத்த ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்தேன். மேசை, இணையம், கூட்ட அறை, கல்லூரிப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றுக்காக நிறுவனத்தில் பங்கு கேட்கிறார்கள். எத்தனை சதவீதம் என்ற இடம் காலியாக இருக்கிறது! "பின்னர் குழு முடிவு செய்யும்" என்று ஒரு வரி மட்டும்.

கல்லூரி பங்கு கேட்பது தவறில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையே, கல்லூரி செய்யும் உதவியைப் பொறுத்து 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அதே கொள்கை வேறு சிலவற்றையும் சொல்கிறது. கல்லூரியின் ஆய்வகத்தையும் பணத்தையும் பயன்படுத்தாமல், பாடத்திட்டத்தின் பகுதியாகவும் இல்லாமல் மாணவர் உருவாக்கியது மாணவருக்கே சொந்தம். தொழில் தொடங்கும் மாணவருக்கு வருகைப்பதிவில் சலுகை தரலாம், ஓர் ஆண்டு இடைவெளியும் கொடுக்கலாம். பங்கு கேட்கும் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு இந்தப் பக்கத்தைப் படிக்காத கல்லூரிகள் நிறைய. நீங்கள் படித்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

மூன்றாவது காரணத்தை உங்கள் மகன் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். "உள்ளூர்" என்று நாம் சொல்லும் இன்குபேட்டர்களில் நம் ஊரில் பெயர் பெற்றவை எங்கே இருக்கின்றன? தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, கிண்டியில் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், அதைத் தாண்டி ஓ.எம்.ஆர். எல்லாம் தெற்கே. மீனும் சாம்பலும் சரக்கு லாரியும் வடக்கே, முதலீட்டாளர் சந்திப்பெல்லாம் தெற்கே என்று யார் பங்கு பிரித்தார்களோ தெரியவில்லை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு கிண்டிக்கு ஒரே ரயிலில் போய்விடலாம் என்பது உண்மை. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு அங்கே நடக்கும் கூட்டத்தில் பேசிப் பழகி, இரவு வீடு திரும்பி, காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிப்பது வாரம் முழுவதும் நடக்கிற காரியமா? இணையத்தில் நிரப்பும் விண்ணப்பம் வசிக்கும் பேட்டையைக் கேட்பதில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுத் திட்டங்களை நோக்கித் திரும்புவதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் வைத்து உள்ளூரே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்கள் மகன் கையில் மென்பொருளுக்குப் பதிலாக ஒரு கருவி இருந்திருந்தால், அதாவது காசிமேட்டில் ஐஸ் பெட்டியின் வெப்பநிலையைப் பார்க்கும் கருவியோ எண்ணூர்க் காற்றை அளக்கும் கருவியோ செய்திருந்தால், முதல் ரயிலில் தெற்கே போ என்றுதான் சொல்லியிருப்பேன். கருவி செய்ய ஆய்வகம் வேண்டும், உடைத்துப் பார்க்கப் பொருள் வேண்டும், தப்பைப் பார்த்ததும் சொல்லும் ஆள் வேண்டும். ஏத்தர் மின்ஸ்கூட்டரும் அக்னிகுல் ராக்கெட்டும் சென்னை ஐ.ஐ.டி.யின் நிழலில்தான் வளர்ந்தன. முன்மாதிரி செய்ய மத்திய அரசின் 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, அதுவும் இன்குபேட்டர் வழியாகத்தான் வரும். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் ஆதரவு நிதியை உங்கள் மகனும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் தேர்வாகாவிட்டால் அவன் தட்ட வேண்டிய முதல் கதவு அதுதான்.

தேர்வாகாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். நூறு பேர் விண்ணப்பித்தால் ஒருவர், மிஞ்சினால் இருவர். இதை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் விண்ணப்பிக்காதே என்று தடுக்காதீர்கள். அந்தப் படிவம் கேட்கும் கேள்விகளுக்காகவே அதை நிரப்பலாம். என்ன செய்கிறீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல், யார் பயன்படுத்துகிறார்கள், போட்டியாளர் யார், அவர்களுக்குத் தெரியாத எது உனக்குத் தெரியும், கூட்டாளியை எத்தனை நாளாகத் தெரியும். ஒரு நிமிட வீடியோவும் அனுப்ப வேண்டும். கல்லூரிப் படிவம் கேட்டது என்ன தெரியுமா? துறைத் தலைவர் கையொப்பம், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், திட்டத்தின் தலைப்பு. வாடிக்கையாளரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒய் காம்பினேட்டரே நடத்தும் ஸ்டார்ட்அப் ஸ்கூல் என்ற இணைய வகுப்பு இலவசம். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் அதை அவன் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அழைத்தால் பத்து நிமிட நேர்காணல்தான். அதற்கு அலங்கார ஆங்கிலம் வேண்டாம். எடை வித்தியாசத்தைக் காட்டி என்னிடம் விளக்கினானே, அதையே சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லிப் பழகினால் போதும்.

படிப்பு பாழாகுமோ என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். பாதியில் நிறுத்துவதாக இருந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு அவசியமும் இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்து, இடத்தை உறுதி செய்துகொண்டு, பட்டம் வாங்கிய பிறகு போய்ச் சேரும் வழியை 2025-இல் மாணவர்களுக்கென்றே திறந்திருக்கிறார்கள். அந்த வழியில்தான் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் அவன் உட்காரட்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

வெளிநாட்டுப் பாதையில் முள்ளே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். இந்தியாவில் பதிவான நிறுவனத்தில் அவர்கள் நேரடியாக முதலீடு செய்வதில்லை. அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடத்தில் தாய் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இரண்டு நாட்டிலும் கணக்குத் தாக்கல், அன்னியச் செலாவணிச் சட்டம், இரண்டுக்கும் தெரிந்த ஆடிட்டர் என்று செலவு தொடரும். பின்னாளில் இந்தியாவுக்கே திரும்பி வர நினைத்தால் வரி காத்திருக்கும். க்ரோ நிறுவனம் அமெரிக்காவிலிருந்து பதிவை இங்கே மாற்றியபோது கட்டிய வரி சுமார் 1,340 கோடி ரூபாய். அது வளர்ந்த நிறுவனத்தின் கணக்கு, உங்கள் மகன் அந்தத் தொகையை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இந்தியராக இருக்கப்போகிறார்கள் என்றால் வெளிநாட்டுப் பதிவு வீண் சுமை. விசாவும் அப்படித்தான்; அண்ணாசாலை அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி மறுத்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றும் உண்டு. உலகத்துக்கு விற்பதற்கு வெளிநாட்டுத் திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2010-இல் இதே சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆன பிறகு 2021-இல் அது அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்கில் பட்டியலானது. ஆகவே தேர்வுக் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், கொழும்பில் ஒரு சரக்கு நிறுவனத்துக்காவது இந்த மாதமே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். மென்பொருளைச் சோதிக்க அவன் பயன்படுத்திய காகிதங்கள் எங்கிருந்து வந்தன? உங்கள் அலுவலகத்திலிருந்து என்றான். ஐயா, அவை இறக்குமதியாளர்களின் விலை விவரங்கள். யார் எந்த நாட்டிலிருந்து என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது அவர்களுடைய வியாபார ரகசியம். முதலாளிக்குத் தெரியாமல் அவை உங்கள் மகனின் மடிக்கணினியில் இருப்பது உங்கள் வேலைக்கே ஆபத்து. நாளை முதலீடு செய்ய வருகிறவர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். முதலாளியிடம் நேராகப் பேசுங்கள். பெயர், விலையை அழித்துவிட்டுப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மறுத்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மாதிரிக் காகிதங்களை அவனே தயாரித்துக்கொள்ளட்டும். யார் கண்டது, அந்த முதலாளியே முதல் வாடிக்கையாளராக வரக்கூடும்.

கூட்டாளியாக இருக்கும் வியாசர்பாடி நண்பனுடனும் இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு, பாதியில் ஒருவர் வேலைக்குப் போய்விட்டால் அவர் பங்கு என்ன ஆகும் என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேரும்படி, முதல் ஆண்டுக்குள் விலகினால் ஒன்றும் இல்லை என்று எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்ய இடமில்லை என்றார்கள். அதற்காகக் கல்லூரிக்குப் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் பணியிடம் இருக்கிறது, குறைந்த கட்டணத்தில் மேசை கிடைக்கும்.

கல்லூரி ஒப்பந்தத்தில் இப்போதைக்கு நீங்களோ அவனோ கையொப்பம் போடாதீர்கள். சதவீதத்தை எழுத்தில் நிரப்பித் தரச் சொல்லிக் கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும், உங்கள் முதலாளியிடம் பேசிய விவரத்தோடு, ஒரு சனிக்கிழமை பையனையும் நண்பனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்