எழுபதுகளின் அமெரிக்கக் கார்கள் எல்லாமே தகர டப்பாக்கள்தானா?

கேள்வி: அமெரிக்காவில் 1973-லிருந்து 1983 வரை வந்த கார்களைப் பற்றித் தேடினால் கிண்டல்தான் கிடைக்கிறது. அவற்றில் உருப்படியான வண்டி ஒன்றுகூட இல்லையா? உங்களுக்குப் பிடித்தது எது?

இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) ஈகிள். 1980 மாடல், ஸ்டேஷன் வேகன், பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியது. பெயரைக் கேட்டதே இல்லை என்றால் ஆச்சரியமில்லை. கார்களின் ஊரான டெட்ராய்ட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் டெட்ராய்ட் பக்கம் வந்து பதினைந்து வருடமாகிறது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். 1995-ல் தொடங்கியது. நம்ம ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி, காலையிலேயே சாலையோரம் நாற்காலி போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். 1957 ஷெவி (ஷெவர்லே) வந்தால் கைதட்டு, 1969 கமாரோ வந்தால் விசில். 1977 ஷெவி கப்ரீஸ் ஒன்று வந்தால் அந்த இடைவெளியில் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுவார்கள். நான் அப்போதுதான் எழுந்து நிற்பேன். வீட்டில் இதற்காகவே என்னோடு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் காலத்துக்குக் கார்ப் பைத்தியங்கள் வைத்த பெயர் 'மலெய்ஸ்' காலம். சோர்வு பிடித்த காலம் என்று சொல்லலாம். 1979 ஜூலையில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நாட்டின் நம்பிக்கை இழப்பைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசினார். அதை 'மலெய்ஸ் பேச்சு' என்று எல்லாரும் அழைக்கத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சொல்லை அவர் அந்தப் பேச்சில் உச்சரிக்கவே இல்லை.

சரி, குற்றச்சாட்டுக்கு வருவோம். எல்லாரும் முதலில் சொல்வது, 'எஞ்சின் பவர் ஒரே ராத்திரியில் விழுந்துவிட்டது' என்பது. இதில் கொஞ்சம் நிஜம், கொஞ்சம் கணக்கு வித்தை. 1971 வரை விளம்பரத்தில் போட்ட ஹார்ஸ்பவர், எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்த எண். பெண் பார்க்க அனுப்பும் ஸ்டுடியோ போட்டோ மாதிரி. 1972-லிருந்துதான் எல்லாவற்றையும் மாட்டி, காரில் எப்படி ஓடுமோ அப்படியே அளந்தார்கள். ஷெவியின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டின் அடிப்படை 5.7 லிட்டர் எஞ்சின் 1971-ல் 270, 1972-ல் 200. அந்த எழுபது குதிரைகளில் பெரும்பாலானவை முதலிலிருந்தே காகிதத்தில் மட்டும் மேய்ந்தவை. அதே கார்வெட் 1975-ல் 165-க்கு இறங்கியதே, அதுதான் நிஜமான வீழ்ச்சி.

காரணம் ஒன்றல்ல. 1970-ல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அதனால் 1975 மாடல்களில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது செத்துவிடும். ஈயம் இல்லாவிட்டால் பெட்ரோல் நேரம் தவறிப் பற்றி எஞ்சின் 'நாக்' அடிக்கும், அதைத் தடுக்கக் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தாக வேண்டும், கம்ப்ரெஷனைக் குறைத்தால் பவர் போச்சு. நடுவில் 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பெட்ரோல் பங்க் வாசலில் தெருக்கோடி வரை வரிசை. 1974-ல் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் இடித்தாலும் நசுங்காத பம்பர் வேண்டும் என்றொரு விதி. அதனால்தான் அந்தக் காலத்துக் கார்கள் முகத்தில் உத்தரம் கட்டியது மாதிரி இருக்கும். 1978-லிருந்து ஒரு நிறுவனம் விற்கிற கார்களின் சராசரி மைலேஜ் கேலனுக்கு 18 மைல் வேண்டும், லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். இத்தனையும் ஏழெட்டு வருடத்துக்குள்.

இதையெல்லாம் சமாளிக்கக் கையில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்று ஒரு சின்ன சிப் செய்கிற வேலையை அன்று ரப்பர் குழாய், டயாஃப்ரம், ஸ்பிரிங், சூட்டில் வளைகிற தகடு இவைதான் செய்தன. பானெட்டைத் திறந்தால் இடியாப்பம். ஒரு குழாயில் கீறல் விழுந்தாலும் ஐடிலிங் தள்ளாடும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக்கொண்டு ஓடுவது இந்தக் கார்களின் முத்திரை. புகையைக் குறைக்கப் பெட்ரோல் கலவையை மெலிதாக்கி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, ஐடில் வேகத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். உள்ளே சூடு ஏறி, படிந்த கரி கனன்று, ஸ்பார்க் இல்லாமலேயே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். ஓட்டினவர்கள் சபித்தது நியாயம்தான்.

ஆனால் அந்த நெருக்கடியில் சிலர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் எழுந்து நிற்கிற அந்த 1977 கப்ரீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைச் சுருக்கிய முதல் வருடம் அது. முந்தின வருடத்து வண்டியைவிட முந்நூறு கிலோ அளவுக்கு எடை குறைவு, நீளமும் ஒரு முழத்தில் பாதி குறைவு. உள்ளே தலைக்கு இடமும் டிக்கியில் இடமும் கூடுதல். கார் என்றால் நீளம், நீளம் என்றால் அந்தஸ்து என்று ஐம்பதுகளிலிருந்து விற்று வந்த நிறுவனம் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். அந்த வருடம் பெரிய ஷெவிகள் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றன. அதே கட்டமைப்பு கொஞ்சம் மாறுதலோடு 1996 வரை போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் ஓடியது. அலுக்கிற அளவுக்குக் கண்ணில் பட்டதால்தான் யாரும் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான ப்யூக்கின் வி6 (V வடிவில் ஆறு சிலிண்டர்) எஞ்சின் கதை. இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அறுபதுகளின் தொடக்கத்தில் ப்யூக் ஒரு வி6 செய்தது. பெட்ரோல் மலிவு, யாருக்கும் ஆறு சிலிண்டர் வேண்டாம். 1967-ல் அந்த எஞ்சின் செய்யும் எந்திரங்களை மொத்தமாகக் கைசர் ஜீப்புக்கு விற்றுவிட்டார்கள். 1970-ல் ஜீப்பை ஏஎம்சி வாங்கியது. எந்திரங்களும் கூடவே போயின. ஏஎம்சியிடம் நல்ல ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏற்கெனவே இருந்ததால் இதை ஓரம் கட்டிவிட்டது. எண்ணெய்த் தடை வந்ததும் ப்யூக்குக்கு ஞாபகம் வந்தது. 1974-ல், தான் விற்ற எந்திரங்களைத் தானே திரும்ப வாங்கி, 1975 மாடல்களில் அந்த வி6-ஐப் போட்டது. அதில் டர்போ மாட்டிய ஒரு ப்யூக் செஞ்சுரிதான் 1976 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பந்தயக் கார்களுக்கு முன்னால் ஓடி வழிகாட்டிய கார். 1987-ல் கிராண்ட் நேஷனல் என்ற கறுப்பு ப்யூக் ராட்சசனை ஓட்டியதும் இதே எஞ்சின் குடும்பம்தான். கிராண்ட் நேஷனலைச் சுற்றி உட்வர்டில் கூட்டம் அலைமோதும். அதன் அப்பா யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஃபோர்டின் 1974 மஸ்டாங் II-வை எல்லாரும் திட்டுவார்கள். முதல் வருடம் அதில் வி8 கிடையாது, அடிப்படை எஞ்சின் 88 ஹார்ஸ்பவர். திட்டட்டும். ஆனால் ஹாட் ராட் (பழைய காரை மாற்றிக் கட்டிய வேக வண்டி) கட்டுகிறவர்களிடம் முன்பக்க சஸ்பென்ஷன் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'மஸ்டாங் டூ' என்பார்கள். அந்த வடிவத்தில் புதிதாகச் செய்த செட்டுகளை இன்றும் விற்கிறார்கள்.

எல்லாவற்றையும் காப்பாற்றப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1978-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் பிராண்டில் வந்த டீசல் எஞ்சினுக்கு வக்காலத்து வாங்க முடியாது. டீசல் எஞ்சினுக்குள் அழுத்தம் மிக அதிகம், ஆனால் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்த போல்ட் அமைப்பு பெட்ரோல் எஞ்சினுடையதே. அமெரிக்கர்கள் டீசல் கார் என்றாலே முகம் சுளிக்க அதுவும் ஒரு காரணம்.

இனி என் ஈகிள். ஏஎம்சி என்பது நாஷும் ஹட்சனும் 1954-ல் சேர்ந்து உண்டான கம்பெனி, விஸ்கான்சினில் கெனோஷாவில் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற பெரிய மூன்று நிறுவனங்களுக்குப் பக்கத்தில் நோஞ்சான் தம்பி. கையில் காசு இருக்காது, யோசனை மட்டும் நிறைய இருக்கும். 1975-ல் பேசர் என்று ஒன்றை விட்டார்கள். மீன் தொட்டி மாதிரி கண்ணாடி, பின் சீட்டில் ஏற வசதியாக வலப்பக்கக் கதவு நான்கு அங்குலம் நீளம். ஜெனரல் மோட்டார்ஸின் ரோட்டரி எஞ்சினை நம்பி வடிவமைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கடைசியில் சொந்தப் பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார்கள், கனம் கூடியது, மைலேஜ் போனது.

அந்த அடிக்குப் பிறகு புதுக் கார் செய்யப் பணம் இல்லை. இருந்தது இரண்டு பொருள்: 1970-லிருந்து வருகிற ஹார்னெட் காரின் உடல், அப்போது கான்கார்ட் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். இன்னொன்று ஜீப் அனுபவம். ராய் லன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர், முன்பு ஃபோர்டில் ஜிடி40 பந்தயக் காரின் வேலையில் முன்னணியில் இருந்தவர், இரண்டையும் சேர்த்துவிட்டார். காரை மூன்று அங்குலம் தூக்கி நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தார். 1979 இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கர இழுவைக்குப் பேர் போன ஆடியின் குவாட்ரோ ஜெனீவா கார் கண்காட்சியில் மேடை ஏறியது அடுத்த மார்ச்சில்தான்.

சுபாரு அதற்கு முன்பே அமெரிக்காவில் ஃபோர் வீல் டிரைவ் வேகன் விற்றது. ஆனால் அதைக் காய்ந்த தாரில் போட்டு ஓட்டக் கூடாது. திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போகும், இரண்டையும் இறுகப் பூட்டினால் முறுக்கிக்கொள்ளும். ஈகிளில் நடுவே ஒரு பெட்டிக்குள் தகடுகளும் கெட்டியான சிலிக்கோன் திரவமும். சின்ன வேக வித்தியாசத்துக்குத் திரவம் வழிவிடும். ஒரு பக்கம் சக்கரம் கண்டபடி சுழன்றால் வழுக்காமல் இழுத்துப் பிடித்து, சக்தியை மறுபக்கம் அனுப்பும். வெல்லப் பாகில் கரண்டியை மெதுவாகக் கிண்டுவதற்கும் வேகமாகக் கிண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரியவில்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஆபீஸ் வாசலில் என் கார் பனியில் புதைந்து நின்றது. ஓய்வு பெறப் போகிற ஒரு சக ஊழியர் தன் ஈகிளில் வீட்டில் விட்டார். எதையாவது அமுக்க வேண்டுமா என்று கேட்டேன். 1980 மாடலில் அமுக்க ஒன்றும் இல்லை, சுவிட்ச் அடுத்த வருடம்தான் வந்தது என்றார். சாலையோரம் பெரிய பிக்கப் வண்டிகள் சாய்ந்து கிடக்க, பாட்டி வீட்டு சோஃபா மாதிரி சீட்டில் உட்கார்ந்து, மரப்பலகை ஸ்டிக்கரோடு நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். ஈகிள் சட்டென்று வேகம் எடுக்கவில்லை, மேட்டில் முனகியது. ஆனால் நிற்கவில்லை.

1987 டிசம்பரில் ஈகிளை நிறுத்தினார்கள். சில மாதம் முன்புதான் கிரைஸ்லர் ஏஎம்சியை வாங்கியிருந்தது. மொத்தம் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. இன்று எங்கள் தெருவில் பத்து வீட்டில் எட்டு வீட்டு வாசலில் நிற்பது, காரின் உடலைக் கொஞ்சம் தூக்கி நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்த வண்டிதான். கிராஸ்ஓவர் என்று பெயர்.

வாங்கலாமா என்று கமெண்டில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். மிச்சிகன் பக்கம் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், துரு தின்றிருக்கும். 4.2 லிட்டர் எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம், அதே எஞ்சின் ஜீப்பில் 1990 வரை வந்தது, சாமான் கிடைக்கும். கிடைக்காதது அந்த மரப்பலகை ஸ்டிக்கர்தான்.