வீட்டில் உள்ள இரண்டு கணினிகளில் பழையதன் பாகங்களைக் கழற்றிப் புதியதில் போடலாமா, அல்லது இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்வதா?

நீங்கள் சொன்ன நிலவரம் இது: பழைய மேசைக் கணினியில் 16 ஜிபி ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கின்றன, ஆனால் ஹார்டு டிஸ்க்தான். புதியதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) இருக்கிறது, ரேம் 8 ஜிபி மட்டுமே. பழையதைப் பிரித்துப் புதியதற்குப் பலம் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி.

திருப்புளியைத் தொடுவதற்கு முன், புதிய கணினி திணறும் நேரம் பார்த்து டாஸ்க் மேனேஜரை (ரேமும் பிராசஸரும் எவ்வளவு பயன்படுகின்றன என்று காட்டும் விண்டோஸ் கருவி) திறந்து பாருங்கள். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேமும் பிராசஸரும் சும்மா இருந்தும் கணினி தூங்கி வழிகிறது என்றால், ரேமைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

ரேம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். பழைய ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3 என்று தொடங்கினால் அது டிடிஆர்3 வகை ரேம், பிசி4 என்றால் அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்4. முன்னதற்கு 240 பின்கள், பின்னதற்கு 288. நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. அழுத்திப் பார்க்க வேண்டாம். இரண்டும் ஒரே வகையாக இருந்து வேகம் மட்டும் மாறினால் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் எல்லாமே மெதுவான ரேமின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

பிராசஸர் பக்கம் போகவே வேண்டாம். சாக்கெட்டின் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் 6, 7ஆம் தலைமுறைகளும் உண்டு, 8, 9ஆம் தலைமுறைகளும் உண்டு. சாக்கெட்டின் அளவு ஒன்றேதான். ஆனால் முதல் இரண்டுக்கான மதர்போர்டில் பின்னவை ஓடாது.

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவது எளிது, பவர் சப்ளை தாங்கினால். மதர்போர்டின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் வரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட்டும், 8 பின் கேபிள் 150 வாட்டும் தரும். புதிய கணினியின் பவர் சப்ளையில் அந்தக் கேபிளே இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

"சரி, பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றிவிடுவோம்" என்று இங்கேதான் மனம் சபலப்படும். எனக்கும் சபலப்பட்டது. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளையை மாற்றியபோது, பழைய கேபிள்களை மீண்டும் இழுக்கச் சோம்பல்பட்டு, அவற்றின் முனைகளைப் புதிய பவர் சப்ளையிலேயே சொருகிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தின. ஸ்விட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. ஹார்டு டிஸ்க் போனது, அதிலிருந்த புகைப்படங்களும் போயின. டிஸ்கின் பக்கம் இணைப்பு எல்லோருக்கும் பொது. பவர் சப்ளையின் பக்கம் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது அதைச் செய்தவர் இஷ்டம். 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு பவர் சப்ளையின் கேபிள்களையும் தனிப் பையில் கட்டி, மேலே பெயர் எழுதி வைக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழையதைப் பிரிக்க மாட்டேன். அதற்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டுவது) வாங்கிப் போடுவேன். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 எம்பி வரை படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். ஆனால் கணினி விழித்தெழும் வேகம் கூடுவதற்கு அதைவிடப் பெரிய காரணம், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எடுக்க ஹார்டு டிஸ்கில் போல எஸ்எஸ்டியில் படிக்கும் ஊசி அங்குமிங்கும் அலைய வேண்டியதில்லை என்பதுதான். புதியதற்கு, ஏற்கெனவே உள்ள அதே வகையில் இன்னொரு 8 ஜிபி ரேம். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இப்படிச் செய்தால் இரண்டு கணினியும் ஓடும். பிரித்து மாற்றினால் ஒன்று ஓடும், மற்றது கட்டிலுக்கு அடியில் போகும்.

ஒரு தடை உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (கணினியில் உள்ள பாதுகாப்பு வசதி) கேட்கும், இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை ஏற்காது. உங்கள் பழையது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுங்கள். 16 ஜிபி ரேம் அதற்குத் தாராளம்.