எம்பிஏ பிறகு, முதலில் காசிமேடு

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: மகன் மெக்கானிக்கல் இறுதியாண்டு. கேம்பஸ் இன்டர்வியூ வேண்டாம், மீன் பெட்டிக்குள் குளிர் எவ்வளவு என்று காட்டும் கருவி செய்து கம்பெனி தொடங்குகிறேன் என்கிறான். எம்பிஏ சேர்த்துவிட்டால் தெளிவு வருமா?

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. கருவி செய்யத் தம்பிக்குத் தெரியும். அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று யோசிக்கத்தான் பழக வேண்டும். இன்ஜினியரிங் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். பொருள் நன்றாக இருந்தால் தானே விற்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஒரு தொழிலில் லாபத்தை ஐந்து பேர் அரிக்கிறார்கள் என்று 1979-ல் ஹார்வர்டு மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் எழுதினார்: இருக்கிற போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், வாங்குபவர், சரக்கு தருபவர். எம்பிஏ வகுப்பில் இன்றும் இது உண்டு. தம்பி இதைக் காசிமேடு துறைமுகத்தில் போட்டுப் பார்க்கட்டும். அங்கே அவருக்குப் போட்டி இன்னொரு கருவி இல்லை, ஐஸ் கட்டி. செவுளைத் தூக்கிப் பார்த்தே மீனின் நிலையைச் சொல்கிற வியாபாரி, கருவியை எதற்கு வாங்க வேண்டும்? சரக்கு கெட்டுத் திரும்பினால் நஷ்டம் யார் தலையில் விழுகிறதோ, அவர்தான் வாங்குவார். ஏற்றுமதிக்காரராக இருக்கலாம், விசாரிக்க வேண்டும். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள்.

'நல்லா இருக்கு தம்பி' என்று யாராவது சொன்னால் அது ஆர்டர் இல்லை. அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஆர்டர். கடன் எத்தனை நாள் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அப்படிப்பட்ட நிறுவனமாக மத்திய அரசிடம் செய்துகொள்ளும் உத்யம் பதிவும் இலவசம்தான். ஆனால் முதல் வாடிக்கையாளர் மேலேயே புகார் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பாடம் வேண்டுமென்றால் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் மேலாண்மை வகுப்புகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியத்தோடு வங்கிக் கடன் கிடைக்கும். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவை மட்டும் விட வேண்டாம். வேலை கிடைத்தாலும் காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய் வரலாமே. நாலு பேர் அட்வான்ஸ் கொடுக்கும் வரை வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள்.