தோழிக்கு 4 கேள்வி, எனக்கு 12: மதிப்பெண்ணை ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். பிராமிஸ் (PROMIS) என்பது ஒருவர் தன் உடல், மன நிலையைத் தானே சொல்லும் கேள்வித் தொகுப்பு. அதன் மனச்சோர்வுத் தேர்வில் உங்கள் பதிலைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்வு செய்வதால், கேள்வியும் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லாக் கேள்விகளும் முன்பே ஒரே அளவுகோலில் பொருத்தப்பட்டவை. அந்த அளவுகோலில் சராசரி 50, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 10.

நீங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று தட்டியிருப்பீர்கள். அந்தக் கேள்விகள் சோர்வு உள்ளவரைத்தான் நன்றாக அளக்கும், இல்லாதவரிடம் தடுமாறும். வழக்கமான அமைப்பில், 4 கேள்விக்குப் பிறகு திட்டப்பிழை (மதிப்பெண் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதன் அளவு) 3-க்குக் கீழே இறங்கினால் தேர்வு நின்றுவிடும். இறங்காவிட்டால் 12 வரை இழுக்கும். தண்டனை ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்.

அறிக்கையில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் திட்டப்பிழை இருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு 41, பிழை 4, தோழிக்கு 44 என்றால் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

அப்புறம், கனமான ஒரு கேள்விக்கு அடுத்து வருவதற்கு மனம் சற்று வேறு மாதிரி பதில் சொல்லலாம். அதை இந்தக் கணக்கு பிடிக்காது.