நின்ஜா நகரமும் பதினாலு வயசும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என் மகனுக்கு 14 வயசு. சின்னதுல லெகோ கம்பெனியோட நின்ஜாகோ கார்ட்டூன் பாத்துட்டு சோபால இருந்து குதிச்சு குதிச்சு ஸ்பிரிங்கையே உடைச்சவன், நடுவுல எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிட்டான், இப்ப திடீர்னு பீஸ் பீஸா சேத்து கட்டுற பெரிய லெகோ நின்ஜாகோ சிட்டி செட் வேணும்ங்கிறான். இந்த வயசுல பொம்மையான்னு அவங்கப்பா கத்துறார். வாங்கலாமா?

பதில்: அவங்கப்பாகிட்ட பெட்டி மூலைல இருக்குற நம்பரை முதல்ல காட்டுங்கம்மா. 2021-ல வந்த சிட்டி கார்டன்ஸ் பெட்டில 14+னு போட்டிருக்கும், 2017-ல வந்த முதல் நின்ஜாகோ சிட்டில 16+. உங்க பையனுக்கு இதுக்கான வயசே இப்பதான் வந்திருக்கு. அந்த நம்பர் பொறுமைக்கான கணக்கு, வேற ஒண்ணுமில்ல. முதல் சிட்டில 4867 பீஸ், கார்டன்ஸ்ல 5685, 2023-ல வந்த மார்க்கெட்ஸ்ல 6163. ஒரு லீவு நாள்ல உக்காந்து முடிச்சிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொண்ணு, நின்ஜான்னு பேர் இருக்கே, கத்தி சண்டைதான் இருக்கும்னு நினைக்காதீங்க. முதல் சிட்டியை எடுத்துக்கங்க, கீழ் அடுக்குல வாய்க்கால், பழைய காலத்து மர வீடு, நடு அடுக்குல கடைத்தெரு, அதுல ஒரு நண்டு ஹோட்டல், மேல போனா நவீன கட்டடம், மேலேயும் கீழேயும் போய்வர லிஃப்ட், ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா கழட்டி உள்ள பாக்கலாம். கார்ட்டூன்ல வர்ற நின்ஜா பசங்க கையும் லாயிடும் அதுல நிக்கிறாங்க தான், ஆனா உண்மையான ஹீரோ அந்த ஊர்தான். கட்டும்போது ஸ்டட், அதாவது பீஸ்ல இருக்குற குமிழ், மேல பாத்து இருக்கணும்ங்கிற பழக்கமே போயிடும், பக்கவாட்டுல ஸ்டட் வச்ச பீஸை புடிச்சுகிட்டு சுவரை படுக்க வச்சு கட்டி அப்புறம் நிமித்துவாங்க, ஒரு வேலைக்குன்னு செஞ்ச பீஸை சம்பந்தமே இல்லாத இடத்துல அலங்காரமா சொருகியிருப்பாங்க. 14 வயசு பையனுக்கு இந்த டெக்னிக் எல்லாம் கைல வந்துச்சுன்னா அடுத்தது புக்கே இல்லாம சொந்தமா கட்டுவான், நான் வாங்கித்தர சொல்றதே அதுக்காகத்தான்.

ஆனா எடுத்த எடுப்புல 6000 பீஸ்ல கை வைக்க வேணாம். ஒரு நடுத்தர டிராகன் இல்ல ரோபோ செட் வாங்கி குடுத்து, பாதில விடாம முடிக்கிறானான்னு பாருங்க. முடிச்சிட்டான்னா அப்பாவை நான் சமாளிக்கிறேன்.

கேள்வி: வயசு 26 ஆகுது. 2011-ல ஸ்கூல்ல நின்ஜாகோ ஸ்பின்னரை பம்பரம் மாதிரி சுத்திவிட்டு மோதவிட்டு விளையாடின கோஷ்டி நாங்க. இப்ப சம்பளம் வருது, பழைய செட்டுங்களை தேடுறேன், விலையை பாத்தா தலை சுத்துது. அந்த பழசையே வாங்கணுமா?

பதில்: தம்பி, ஸ்பின்னரை விட வேகமா தலை சுத்தும், ஏன்னா அதெல்லாம் தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. பெட்டி பிரிக்காததுக்கு கேக்குற விலைல பாதி அந்த அட்டைப்பெட்டிக்குதான் போகுது. நீங்க கட்டி ஷெல்ப்ல வைக்கப்போற ஆளா இருந்தா பிரிச்ச செட்டே போதும், கட்டுற புக்கோட பிடிஎஃப் லெகோ சைட்லயே இலவசமா இருக்கு, செட் நம்பரை போட்டா வந்துடும். வாங்கும்போது மினிஃபிகர், அதாவது குட்டி ஆள் பொம்மை, எல்லாம் இருக்கான்னு பாருங்க, விக்கிறவங்க முதல்ல அதைத்தான் தனியா எடுத்து வித்திருப்பாங்க. அப்புறம் பழைய பிரவுன், டார்க் ரெட் பீஸ், இது லெகோ ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலி, அந்த காலத்து பிரவுன் கழட்டும்போதே படக்னு உடையும். கப்பல், கோயில்னு நின்ஜாகோல பாதி பிரவுன்தானே, அதனால போட்டோல தெரியாத விரிசலை பத்தி வாயத் தொறந்து கேட்டுருங்க.

என் கருத்து கேட்டா, பழசை துரத்தாதீங்க. 2019-ல இருந்து லெகசின்னு ஒரு வரிசை விட்டாங்க, உங்க காலத்து செட்டுங்களையே புது டிசைன்ல செஞ்சது. டெஸ்டினிஸ் பவுண்டி கப்பல் ஞாபகம் இருக்கும்ல, 2012-ல வந்தது 680 பீஸ், அதே கப்பல் லெகசிக்கு முன்னாடியே 2017-ல நின்ஜாகோ சினிமாவுக்காக வந்தப்ப 2295 பீஸ். ரெண்டையும் பக்கத்துல வச்சா முதல் கப்பல் அதோட லைஃப் போட் மாதிரி இருக்கும். ஞாபகத்துல இருக்குற பிரம்மாண்டம் இந்த ரெண்டாவதுலதான் இருக்கு.

இதுக்கு நடுவுல ஒரு தகவல், நின்ஜாகோ கதையை சீக்கிரமே முடிச்சிடலாம்னுதான் கம்பெனி இருந்தது, ரசிகர்கள் விடல, 2014-ல திரும்ப வந்து இன்னிக்கு டிராகன்ஸ் ரைசிங்ங்கிற தொடர் வரைக்கும் ஓடுது. உங்க கோஷ்டிக்கும் அதுல பங்கு இருக்கு.

கேள்வி: பரண்ல இருந்து ஒரு மூட்டை பழைய லெகோ பீஸ் கிடைச்சது, ஒரே தூசி பிசுக்கு. வாஷிங் மெஷின்ல போடலாமா?

பதில்: வேணாம். 40 டிகிரிக்கு மேல போகாத தண்ணி, கொஞ்சம் மைல்டான சோப்பு, கையால அலசுங்க. ஸ்டிக்கர் ஒட்டினது, மோட்டார், பேட்டரி இருக்குறது எதையும் நனைக்காதீங்க. வெயில்ல காயவச்சா வெள்ளை பீஸ் மஞ்சளாயிடும், வெள்ளை நின்ஜா ஜேன் பாவம்.

கேள்வி: லெகோ மாதிரியே இருக்குற டூப்ளிகேட் செட் பாதி விலைக்கும் கம்மியா கிடைக்குது. பாத்தா வித்தியாசமே தெரியல, வாங்கினா என்ன?

பதில்: பாத்தா தெரியாது, அழுத்தினா தெரியும். லெகோ பீஸ் ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு அளவுக்கு துல்லியமா வார்க்குறாங்க, அதனாலதான் 1958 டிசைன் செங்கலும் இன்னிக்கு வந்ததும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. சின்ன செட்ல இந்த வித்தியாசத்தை நீங்க கண்டுக்காம விட்டுடலாம், மூணடுக்கு கட்டடத்துல ஒவ்வொரு வரிசைலயும் கொஞ்சம் கொஞ்சமா பிசகி மேல போகப்போக சுவர் கோணிக்கும், நடுவுல அழுத்தினா அடில பிச்சுக்கும். அதோட ஒருத்தர் மண்டையை உடைச்சு வரைஞ்ச டிசைனை அப்படியே சுட்டு விக்கிறாங்க, அதுவும் எனக்கு உறுத்துது. பணம்தான் பிரச்சனைன்னா சின்ன ஒரிஜினல் வாங்குங்க.

கேள்வி: நின்ஜாகோ சிட்டி வரிசைல டாக்ஸ், கார்டன்ஸ் ரெண்டும் என்கிட்ட இருக்கு, முதல் சிட்டி இல்ல. ஒட்டி வைக்க முடியுமா?

பதில்: தாராளமா. பின் வச்சு பக்கத்துல பக்கத்துல சேக்குற மாதிரிதான் இந்த வரிசையே இருக்கு. டாக்ஸ் உயரம் கம்மி, அதை ஓரத்துல வைங்க, கார்டன்ஸை மறைக்காது. அப்புறம் ஷெல்ப்போட உயரத்தை அளந்துட்டீங்களா? கார்டன்ஸ் ரெண்டடிக்கு மேல போகும்.