கரு ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளை கணக்கை விடலாமா?

வணக்கம் அம்மா. கருவில் ரத்தக் குழாய்கள் எப்படி வளர்கின்றன என்பதைப் படிக்க வேண்டும் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. கூடவே, "உயிரியல்தானே, கணக்கை விட்டுவிடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விட வேண்டாம்.

காரணம் அந்தத் துறையிலேயே இருக்கிறது. வளரும் கருவில் ஆக்சிஜன் போதாத திசு விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். அருகிலுள்ள ரத்தக் குழாய் அதை உணர்ந்து அந்தப் பக்கமாகக் கிளைவிடும். இதுவரை சுலபம். 1996-இல் வெளியான ஆய்வுகளில், எலிக் கருவில் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். இன்னொன்று நல்லபடியாக இருந்தும் கரு பிழைக்கவில்லை. பெரும்பாலான மரபணுக்களில் ஒரு பிரதி போனாலும் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். இங்கே முடியவில்லை. அதனால் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எவ்வளவு, எங்கே, எப்போது என்று அளந்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. விஇஜிஎஃப்பை அதிகமாக உணர்ந்த செல், கிளையின் முனைக்குப் போகும். போகும்போதே டிஎல்எல்4 என்ற புரதத்தை நீட்டி, பக்கத்துச் செல்லின் மேல் சைகையை வாங்கிக்கொள்ளும் நாட்ச் என்ற ஏற்பிப் புரதத்தைத் தூண்டி, அதை அடக்கி வைக்கும். அடங்கிய செல் தண்டாகப் பின்னால் வரும். நாட்சைத் தடுத்துவிட்டால் ஆளாளுக்கு முனைக்கு ஓட, குழாய்கள் புதராக மண்டிவிடும். இந்தப் போட்டியைக் கணினி மாதிரிகள் வைத்தும் ஆராய்கிறார்கள். நுண்கணிதம் தெரியாதவர் அங்கே திணறுவார்.

அன்றாட வேலை எப்படி இருக்கும்? இந்த ஆய்வகங்களில் ஜீப்ரா மீன் என்ற சின்ன மீனை வைத்துப் பார்ப்பது உண்டு. அதன் கரு கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பது தெரியும். கருவுற்று ஏறத்தாழ ஒரு நாளில் ரத்தம் ஓடத் தொடங்கிவிடும். குழாய்ச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய மீன்கள் உண்டு. நுண்ணோக்கியில் ராத்திரி முழுக்கப் படமெடுத்துவிட்டு, அப்புறம் கிளை கிளையாக நீளத்தை அளக்க வேண்டும். பார்க்க அழகுதான், அளக்கச் சலிக்கும். அந்தச் சலிப்பைத் தாங்குவாளா என்பது மதிப்பெண்ணில் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. விழித்திரை நோய்க்கும் இதே வழியில் மருந்துகள் வந்துவிட்டன. அதனால் மருந்து நிறுவனங்களுக்கு இந்தப் படிப்பு அந்நியமில்லை. பேராசிரியர் பதவியை மட்டும் நம்பினால் சிரமம். பிஎச்டி முடித்த பிறகும் சில வருடங்கள் தற்காலிக ஆராய்ச்சிப் பணியில் ஓடும், இடங்களும் குறைவு. படப் பகுப்பாய்வு, புள்ளியியல், நிரலாக்கம் கைவந்த பிள்ளைக்கு ஆய்வகத்துக்கு வெளியேயும் வழி இருக்கும். கணக்கை விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

பாதுகாப்புக்காக மருத்துவத்தில் சேர்க்கலாமா என்றால், நோயாளிகளைப் பார்க்க அவளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். முதலில் விடுமுறையில் சில வாரங்கள் ஏதாவது ஆய்வகத்தில் உதவிக்குப் போகட்டும். அங்கே பேராசிரியரை விட பிஎச்டி மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கணினி முன்னால் போகிறது, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு வரட்டும்.