கண்ணாடிக்குப் பின்னால் வெயில்

அன்புள்ள ஐயா,

நடைப்பயிற்சி பற்றிய கட்டுரையில் 'காலை வெயில் உடம்புக்கு நல்லது' என்று எழுதியிருந்தீர்கள். ஆறு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு, மூடிய சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாகவே இருக்கிறது. என் மகளோ, வெயில் பட்டால் தோல் புற்றுநோய் வரும் என்கிறாள். எதை நம்புவது?

ச.

அன்புள்ள ச.,

போகிறபோக்கில் எழுதிய வரி அது. இப்படி ஒருவரை ஆறு மாதம் சன்னலோரம் உட்கார வைக்கும் என்று நினைக்கவில்லை.

வெயிலோடு நம்மை வந்தடையும் புற ஊதாக் கதிரில் ஏ, பி என்று இரண்டு வகை. தோலில் வைட்டமின் டி உருவாகக் காரணம் பி. சன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடும். தோலைக் கருக்கவும் சுருங்கவும் வைக்கிற ஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். பல வருடம் கார் ஓட்டிய எனக்குக் கதவுப் பக்கத்துக் கை மற்றக் கையைவிட ஒரு படி கருப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன்.

அப்புறம், ஏழு மணி. சூரியன் தாழ்ந்திருக்கும்போது கதிர் சாய்வாக, அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் ஓசோன் பி கதிரை உறிஞ்சிவிடும். கடிகாரத்தை விடுங்கள், நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக விழுந்தால் பி கதிர் குறைவு. குட்டையாக விழுந்தால் போதுமான அளவு இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பதும் செல்லின் மரபணுவைக் கெடுப்பதும் முக்கியமாக அதே பி கதிர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1992லேயே வெயிலைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. மகள் சொல்வது பொய்யில்லை. அதனால் குட்டை நிழல் நேரத்தில் கையும் காலும் வெயிலில் படக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தோல் சிவப்பதற்கு வெகு முன்பே நிழலுக்கு வந்துவிடுங்கள். எத்தனை நிமிடம் என்று எல்லோருக்கும் ஒரே கணக்குச் சொல்ல முடியாது. கருத்த தோலில் கதிரைத் தடுக்கும் மெலனின் என்ற நிறமி அதிகம், கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காக மணிக்கணக்கில் நின்றும் பயனில்லை: ஓரளவுக்கு மேல் உருவாவதை வெயிலே சிதைத்துவிடும். வைட்டமின் டி மாத்திரை அப்படியில்லை, அளவு மீறினால் நஞ்சாகும்.

சரி, உங்கள் காலை வெளிச்சம் முழுக்க வீண் போகவில்லை. கண்ணில் படும் அந்த வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கும், இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள், விழித்திரை கெட்டுவிடும்.

ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள் போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.